கிரிஃபினை முகமூடி இல்லாமல் ஆட முடியுமா?

கூர்நகம்:
நாலு பேர் ஆடும் சின்ன நவீன பாலே ஒன்று அமைத்துக்கொண்டிருக்கிறேன். கரு, கிரிஃபின்: முன்பாதி கழுகு, பின்பாதி சிங்கம். அலகு வைத்த முகமூடி செய்து பார்த்தோம். போட்டதுமே கழுத்து இறுகிவிடுகிறது. சுழலும்போது பார்வையை ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை. கழற்றிவிட்டால் நாலு பேர் கையை விரித்துக்கொண்டு ஓடுவதாகத்தான் தெரிகிறது. முகமூடி இல்லாமலே இது மனிதர் இல்லை என்று காட்ட வழி உண்டா?

நிழல்மேடை:
தாராளமாக உண்டு. நான் பாலே சொல்லிக்கொடுப்பவள். என்னைக் கேட்டால், கிரிஃபின் எதையெல்லாம் செய்யாது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

1912-இல் பாரிஸில் பாலே ஆட்டக்காரர் நிஜின்ஸ்கி அரங்கேற்றிய 'ஒரு ஃபானின் பிற்பகல்' பாருங்கள். ஃபான் பாதி ஆடு, பாதி மனிதன். கொம்பும் வாலும் இருந்தன, உண்மைதான். ஆனால் நம்மை நம்பவைப்பது வேறு. பழைய கிரேக்க ஜாடி ஓவியம்போல உடம்பு முழுக்கப் பக்கவாட்டிலேயே நகர்கிறது. பாலேவின் அடிப்படையான, பாதத்தை வெளிப்புறம் திருப்பி நிற்கும் நிலையே கிடையாது. தாவலுக்கே பேர்போனவர் நிஜின்ஸ்கி. அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அவர் தாவுவது ஒரே ஒரு முறை! அந்தத் தாவலை எப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஃபோகின் அமைத்த 'நெருப்புப் பறவை'யிலும் இதே சிந்தனைதான். கார்சவினா ஆடிய பறவைக்கு விரல்நுனி ஆட்டம், அதாவது கால்விரல் நுனியில் நின்று ஆடுவது. மனிதர்களான இளவரசிகளுக்கு அது இல்லை. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையும் அப்படித்தான் பிரிகிறது: மனிதர்களுக்கு நாட்டுப்புற மெட்டு, மாய உயிர்களுக்கு நெளியும் அரைச்சுரங்கள்.

வெண்சிறகு:
விரல்நுனி ஆட்டம் பெரும்புகழ் பெற்றதே ஒரு மாய உயிரால்தானே? 1832-இல் 'லா சில்ஃபீட்'. மரி தாலியோனி காற்றுத் தேவதையாக விரல்நுனியில் நின்றார், தரையில் பாரமே படாததுபோல. அதனால் கிரிஃபினுக்கு, விரல்நுனியில் நிற்கப் போடும் பாயின்ட் ஷூ வேண்டாம் என்பேன். சிங்கத்துக்குப் பாரம் வேண்டும்.

கூர்நகம்:
பாரம் சரி. ஆனால் கழுகும் வேண்டுமே? இரண்டையும் ஒரே உடம்பில் எப்படிக் கொண்டுவருவது?

நிழல்மேடை:
இடுப்பில் கோடு போடுங்கள். கீழே சிங்கம்: பாதம் நேராக, முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே, தரையிறங்கும்போது சத்தமே கூடாது. மேலே கழுகு: பறவையால் கண்ணை அதிகம் உருட்ட முடியாது, தலையைத்தான் திருப்பும். ஆகவே பார்வை மாறும்போதெல்லாம் தலை வெட்டென்று திரும்பி நிற்கட்டும். அப்போது தோளும் மார்பும் அசையக் கூடாது.

கைகளைச் சிறகாக விரிக்கவே வேண்டாம். முழங்கையைப் பின்னால் இழுத்து மடக்கியே வைத்திருங்கள். கடைசிப் பகுதியில் ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை விரித்தால் போதும்.

இன்னொன்று: ஒத்திகையை முதலில் இசையில்லாமல் நடத்துங்கள். நாலு பேரின் கால் சத்தமும் கேட்காமல் போன பிறகு இசையைப் போடுங்கள்.

கூர்நகம்:
தலை வெட்டும்போது தோள் கூடவே வருகிறது, அதுதான் இப்போது சிக்கல். நாளைக்கு ஆட்டக்காரர்களை உட்காரவைத்துத் தலையை மட்டும் பழக்குகிறேன்.