ஃப்ளைட் சிமுலேட்டர்ல ஏஐ டிராஃபிக் (கணினியே ஓட்டுற மத்த விமானங்க) ஏத்தின பிறகு கண்ணுல பட்ட விநோதம்: ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க

மீனம்பாக்கம்_07:

சென்னை, பி3டி வி5 (ப்ரீபேர்3டி சிமுலேட்டர்), ஏஐஜி-ங்கிற டிராஃபிக் தொகுப்போட அட்டவணை முழுசா ஏத்தியாச்சு. எமிரேட்ஸ் 777 ஒண்ணு ஓடுபாதை 07-ல அழகா இறங்குது, வேகம் குறையுது, டாக்ஸிவேக்கு மூக்கைத் திருப்புது. பாதி திரும்பினப்போ ஆளையே காணோம். பின்னாடியே இறங்கின இண்டிகோ ஏ320 ஒரு பிரச்சினையும் இல்லாம டெர்மினலுக்குப் போய் நிக்குது. அடுத்து வந்த ஏ330-க்கும் 777-க்கு ஆன கதிதான்.

காரணம் விமானத்துல இல்ல, கேட்டுல. இறங்கின விமானத்துக்கு நிறுத்த இடம் கிடைக்கலன்னா, ஓடுபாதையை விட்டு வெளிய வந்ததும் சிம் அதை அழிச்சிடும். ஏடிஇ-ங்கிற நிலையத் திருத்து நிரல்ல சீனரியை (சிம்முக்கான விமான நிலைய வரைவு) திறந்து பார்த்தா கேட் அத்தனையும் 18 மீட்டர் ஆரம். ஷார்க்லெட் வெச்ச ஏ320-க்கு இறக்கை அகலம் 35.8 மீட்டர், அதுல பாதி 17.9. நூலிழையில உள்ள போயிடும். 777-300இஆர் 64.8, பாதியே 32.4. எங்க நிக்கும்?

பன்னாட்டு முனையத்துப் பக்கம் நாலஞ்சு கேட்டை 33-க்கு மேல ஏத்தினா சரியாகிடும். ஆனா ஆரத்தை மட்டும் ஏத்திட்டு விட்டா பக்கத்துக் கேட் விமானத்தோட இறக்கை இதுக்குள்ள சொருகி நிக்கும். ஒண்ணைப் பெருசாக்கினா பக்கத்துல ஒண்ணை எடுத்தே ஆகணும். இன்னொண்ணு: திருத்தின பிஜிஎல்-லை (சிம் படிக்கிற தரவுக் கோப்பு) போட்டதும் பழைய பிஜிஎல்-லோட வால்பெயரை (.bgl) ஆஃப்-னு (.off) மாத்துங்க. ஒரே நிலையத்துக்கு ரெண்டு கோப்பு உயிரோட இருந்தா எந்தக் கேட் எதுக்குன்னு சிம்முக்கே தெரியாது.

உங்க பக்கம் என்ன நடந்துச்சு?

பழையஎஃப்எஸ்:

எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட்டோட பழைய சிமுலேட்டர்). வானத்துல விமானம் நெறைய, ஆனா சென்னைத் துறைமுகத்துல ஒரு கப்பல் இல்லை. கடல் துடைச்சு வெச்ச மாதிரி காலி. டிராஃபிக் அமைப்புல கப்பல், படகு ரெண்டு ஸ்லைடரும் முழுசா வலது ஓரத்துல.

அதுக்கு முந்தின எஃப்எஸ்9 காலத்து டிராஃபிக் பிஜிஎல் ஒண்ணே ஒண்ணு உள்ள இருந்தாலும், எஃப்எஸ்எக்ஸ் வடிவத்துல இருக்கிற டிராஃபிக் மொத்தமும் அணைஞ்சிடும். கப்பல்களும் அந்த வடிவம்தான், அதனால அதுவும் சேர்ந்து போச்சு. விமானத்தைப் பார்த்தா இந்தக் கோளாறு தெரியாது, கடலைப் பார்த்தாத்தான் தெரியும். சீனரி, வேர்ல்ட், சீனரி ஃபோல்டர்ல இருக்கிற டிராஃபிக் கோப்பு ஒவ்வொண்ணையும் ஏஐஎஃப்பி-ங்கிற டிராஃபிக் திருத்து நிரல்ல திறங்க, பழைய வடிவமா இருந்தா எஃப்எஸ்எக்ஸ் வடிவத்துல மறுபடி கம்பைல் பண்ணுங்க. ஆட்-ஆன் சீனரிக்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அங்கயும் பாருங்க.

ஆயிரத்துப்பதிமூன்று:

நிஜ விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் ஒலிபரப்பும் நேரடி ஏடிஎஸ்-பி தரவைப் படித்து விமானங்களை உள்ளே இறக்கும் ஒரு சின்ன நிரல். வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை, சென்னை கியூஎன்ஹெச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) 1003. விமானங்கள் வரிசையாக வருகின்றன, சக்கரத்தை இறக்குகின்றன, ஓடுபாதைக்கு மேலே முந்நூறு அடி உயரத்தில் 'தரையிறங்கி', காற்றிலேயே பிரேக் போட்டு, காற்றிலேயே வலது பக்கம் திரும்பி, முனையத்தின் கூரைக்கு மேலே போய் நிற்கின்றன. ஏரோபிரிட்ஜுக்கு நேர் மேலே அந்தரத்தில் நின்ற ஏ321-இன் வயிற்று விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஏடிஎஸ்-பி அனுப்பும் பாரோ உயரம் (காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரம்) எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டது. கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. பத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 275 அடி. அழுத்தம் குறைவாக இருந்தால் மிதக்கும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் 1033 என்று இருந்தால் அதே விமானங்கள் 500 அடிக்கு மேல் பூமிக்குள் புதைந்து வரும். நிரலில் அழுத்தத் திருத்தம் என்ற இடம் இருந்தால் அதை இயக்க வேண்டும். அந்தத் திருத்தம் சிம்முக்குள் ஓடும் வானிலையின் கியூஎன்ஹெச்-ஐ எடுக்கிறதா, வெளியே நிஜ மெட்டாரை (விமான நிலைய வானிலை அறிக்கை) எடுக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். சிம்மில் தெளிவான வானம், 1013 என்று வைத்துவிட்டு நிஜ மெட்டாரைக் கொண்டு திருத்தினால் விமானங்கள் சரியாகத்தான் இறங்கும். ஆனால் மேலே, பயண உயரத்தில் உங்கள் ஆல்டிமீட்டரோடு (உயரமானி) அவற்றின் உயரம் ஒத்துப்போகாது.

அட்டவணைக்காரன்:

ஆயிரத்துப்பதிமூன்று சார், கோபிக்காதீங்க. நேரடித் தரவை நம்பினா இப்படித்தான் ஆகும். காற்றழுத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், தரையில நிக்கிற விமானத்தோட சிக்னல் பக்கத்துல ரிசீவர் இருந்தாத்தான் கிடைக்கும். டிரான்ஸ்பாண்டரை (சிக்னல் அனுப்புற கருவி) அணைச்சுட்டு கேட்ல நிக்கிறது எந்த நேரடித் தரவுலயும் வராது. அதனாலதான் நேரடித் தரவுல வானம் நிறைஞ்சிருக்கும், ஏப்ரன் (விமானம் நிக்கிற தளம்) காத்து வாங்கும். அட்டவணை வெச்சா கேட்ல எது எப்ப வரைக்கும் நிக்கும், எப்பக் கிளம்பும், எல்லாம் கணக்கா இருக்கும்.

என் அனுபவம் சின்னது. மும்பை, ஒரு பழைய டிராஃபிக் பேக். ஒரு கேட்ல கிங்ஃபிஷர், அடுத்ததுல ஜெட் ஏர்வேஸ், அதுக்கடுத்து இண்டிகோவோட ஏ320நியோ. மூணும் பக்கத்துப் பக்கத்துல. கிங்ஃபிஷர் 2012 அக்டோபர்ல நின்னுபோச்சு. இண்டிகோவுக்கு முதல் நியோ வந்தது 2016 மார்ச்ல. நிஜத்துல இந்த ரெண்டும் ஒரு நாள்கூட சேர்ந்து நின்னிருக்க முடியாது. பேக் போட்டவர் பழைய அட்டவணை மேலயே புது அட்டவணையை ஏத்தியிருக்கார்.

அட்டவணை வாங்கினா மொதல்ல எந்தப் பருவத்துக்குன்னு பாருங்க. கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு. சிம்முல தேதியை ஜனவரின்னு வெச்சுட்டு கோடை அட்டவணையை ஓட்டினா லண்டன் விமானம் ஒரு மணி நேரம் தள்ளி வரும், ஏன்னா பிரிட்டனோட கடிகாரம் மாறியிருக்கும். நம்ம ஊர்க் கடிகாரம் மாறாது. அப்புறம் கோப்புக்குள்ள நேரம் எல்லாம் யுடிசி (உலகப் பொது நேரம்). நம்ம செவ்வாய் அதிகாலை 2 மணி, கோப்புல திங்கள் 20:30. கையால எழுதுறவங்க இந்தக் கிழமையில சறுக்குவாங்க. வாராந்திர விமானம் ஒரு நாள் முன்னாடியோ பின்னாடியோ வந்து நிக்கும், கேட் நிரம்பிடும், அப்புறம் மேல சொன்ன 777 கதைதான்.

நிறுவனங்களையும் சரிபாருங்க. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல ஏர் இந்தியாவோட சேர்ந்தாச்சு. அதுக்குப் பிந்தின தேதியில பறக்கிறவங்க விடிஐ கோடு வர்ற வரியை எல்லாம் ஏஐசி-க்கு மாத்தணும். இல்லன்னா ஏடிசி (விமானக் கட்டுப்பாடு) 'விஸ்தாரா'ன்னே கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். சதவீதத்தையும் பாருங்க: வரியில 60 சதவீதம்னு எழுதியிருந்தா ஸ்லைடர் 60-ஐத் தொட்டாத்தான் அந்த விமானம் வரும். ஸ்லைடரை 30-ல வெச்சுட்டு 'துபாய் விமானம் வரலியே'ன்னு கேக்கிறவங்கதான் அதிகம்.

கோவை_ஸ்பாட்டர்:

எம்எஸ்எஃப்எஸ் 2020 (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்). ஒரே கேட்ல ஒரே இடத்துல ரெண்டு ஏ320. ஒண்ணோட மூக்கு இன்னொண்ணோட காக்பிட் வழியா எட்டிப் பாக்குது. வால் ரெண்டும் ஒண்ணா ஒட்டி, நிறம் மாறி மாறி மின்னுது.

எஃப்எஸ்எல்டிஎல் இன்ஜெக்டர் (வெளிய இருந்து டிராஃபிக்கை உள்ள இறக்குற நிரல்) ஓடும்போது சிம்மோட சொந்த டிராஃபிக்கும் ஓடினா இப்படித்தான். டிராஃபிக் அமைப்புல ஏர்கிராஃப்ட் டிராஃபிக் வகையை 'ஆஃப்' பண்ணணும், ஜெனரிக் மாடலையும் ஆஃப் பண்ணணும். இன்ஜெக்டரை நிறுத்திட்டு ரெண்டாவது தடவை ஓட்டினா பழசு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அப்ப வர்ற இரட்டைக்கு இந்த மாத்தம் உதவாது, மெனுவுக்குப் போயிட்டு மறுபடி விமானத்தை ஏத்துங்க.

அண்ணே அட்டவணைக்காரரே, 'அட்டவணைதான் சரி'ன்னு மொத்தமா சொல்ல வேண்டாம். சென்னையில புயல் அன்னிக்கு விமானம் எல்லாம் பெங்களூருக்குத் திருப்பி விட்டாங்கன்னா உங்க அட்டவணைக்கு அது தெரியுமா?

ஹோல்ட்ஷார்ட்:

சென்னை 07, எஃப்எஸ்எக்ஸ். இறுதி அணுகலில் ஒரு ஏடிஆர் 72, அதன் பின்னால் மூன்று ஏ320. முதல் ஏ320 கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது). இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இறங்கும்போது, முதலில் மேலே போனது சுற்றி வந்து அதன் வாலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கடலுக்கு மேலே ஒரே வட்டத்தில் விமானங்கள் சுற்றுகின்றன, கீழே புறப்படக் காத்திருக்கும் வரிசை நகரவே இல்லை.

வேகம்தான் காரணம். ஏடிஆர் சுமார் 110 நாட், ஏ320 சுமார் 140. எஃப்எஸ்எக்ஸ் ஏடிசி வேகத்தைக் குறைக்கச் சொல்லாது. ஏடிஆர் 10 கடல் மைலில் இருக்கும்போது ஏ320 அதற்கு 3 மைல் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஆருக்கு மீதித் தூரம் போக 5 நிமிடம் 27 விநாடி. ஏ320-க்கு 13 மைல் போக 5 நிமிடம் 34 விநாடி. ஏழு விநாடி வித்தியாசத்தில் இரண்டும் ஓடுபாதை முனையில். கோ-அரவுண்ட் ஆகாமல் என்ன செய்யும்?

மீனம்பாக்கம்_07 கேட் ஆரத்தில் போய் நின்றுவிட்டார். அது பாதிதான். வந்த விமானம் ஓடுபாதையை எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஹோல்ட்-ஷார்ட் புள்ளியை (ஓடுபாதைக்கு வெளியே விமானம் காத்து நிற்கும் கோடு) தாண்டும் வரை அந்த விமானம் ஓடுபாதையில் இருப்பதாகவே ஏடிசி கருதும். நிஜத்தில் கருவி அணுகல் உள்ள பெரிய ஓடுபாதைக்கு அந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர். சில இலவச சீனரிகளில் புள்ளியை 150, 200 மீட்டர் தள்ளி, டாக்ஸிவேயின் நடுவில் வைத்திருப்பார்கள். ஏடிஇ-யில் அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்து 90-க்குக் கொண்டுவந்தாலே ஒவ்வொரு இறக்கத்திலும் கணிசமான விநாடிகள் மிச்சம். அடுத்து, வெளியேறும் இணைப்புகளைப் பாருங்கள். விமானம் டாக்ஸி வேகத்துக்குக் குறைந்த பிறகு வரும் வெளியேற்றத்தைத்தான் எடுக்கும். நடுவில் இணைப்பு விட்டுப்போயிருந்தால் கடைசி வரை ஓடி, அங்கே மெதுவாகத் திரும்பும். வரைபடத்தில் டாக்ஸிவே தெரிகிறதே என்று நம்பாதீர்கள். தரையில் படம் இருக்கும், அடியில் இணைப்புக் கோடு இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் நெரிசல் இருந்தால் ஏஐ ஸ்மூத் போன்ற ஒரு நிரலை ஓட்டலாம். பின்னால் வருவதை அது காத்திருப்பு வட்டத்தில் போட்டு இடைவெளி உண்டாக்கும். ஆனால் அதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். இணைப்புக் கோடு இல்லாத நிலையத்தில் அது வட்டத்தைப் பெரிதாக்குமே தவிர வரிசையைக் கரைக்காது. ஸ்லைடரைக் குறைப்பதும் ஒரு வழி. லண்டன் கேட்விக் போன்ற நிலையம் நிஜத்தில் ஒரே ஓடுபாதையில் உச்ச நேரத்தில் மணிக்கு 55 விமானங்கள் வரை கையாள்கிறது. அங்கே மனிதர் உட்கார்ந்து வேகத்தைச் சொல்கிறார். சிம்மின் ஏடிசியிடம் அதில் பாதி கிடைத்தால் பெரிது.

எக்ஸ்பிளேன்_மட்டும்:

இங்க எல்லாரும் மைக்ரோசாஃப்ட் பக்கமே இருக்கீங்க. எக்ஸ்-பிளேன் 12: ஜன்னலுக்கு நேரா ஒரு 737 குறுக்க போகுது, சாளரத்து எண்ணிக்கைகூட தெரியுது, என் டிகாஸ் (மோதல் எச்சரிக்கைக் கருவி) திரை சுத்தமா காலி. எச்சரிக்கை இல்ல, புள்ளி இல்ல. ரெண்டு பிளகின் ஒரே நேரத்துல டிராஃபிக் காட்டினா, டிகாஸ் கட்டுப்பாடு மொதல்ல கேட்டதுக்குத்தான் போகும். மத்தது விமானத்தை வரையும், கருவிக்குச் சொல்லாது. ஆன்லைன் ஏடிசி நெட்வொர்க்ல பறக்கும்போது மத்த டிராஃபிக் பிளகினை பிளகின் மேலாளர்லயே அணைச்சிடுங்க.

@அட்டவணைக்காரன், ஏப்ரன் காலின்னு நேரடித் தரவைக் குறை சொன்னீங்க. நிக்கிற விமானத்தைத் தனியா ஸ்டாட்டிக்கா நிரப்புற வசதி இப்ப பல நிரல்ல இருக்கு.

மீனம்பாக்கம்_07:

@ஹோல்ட்ஷார்ட், ஏழு விநாடிக் கணக்கு நல்லா இருக்கு. ஆனா கேட் ஆரம் 'பாதிதான்'னு சொன்னது எனக்குச் சரியாப் படல. சென்னையில என் 777 கோ-அரவுண்டே போகல, முழுசா இறங்கிட்டுத்தான் மறைஞ்சுச்சு.

இன்னொண்ணையும் போட்டுடுறேன், யாரும் கேக்கல. கேட்டைச் சரி பண்ணின பிறகு ஒரு சரக்கு விமானம் பயணிகள் கேட்ல, ஏரோபிரிட்ஜை ஒட்டி வந்து நின்னுச்சு. ஜன்னலே இல்லாத விமானத்துக்கு ஏரோபிரிட்ஜ்! ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி-ல (விமானத்தோட அமைப்புக் கோப்பு) அந்த பெயிண்ட்டுக்கு (நிறுவன வண்ணம்) ஏடிசி_பார்க்கிங்_டைப்ஸ் வரியே கிடையாது. அந்த வரியைச் சேர்த்து கார்கோன்னு போட்டா கார்கோ ராம்ப்புக்குப் போகும், ஆனா சீனரியில கார்கோ வகை ராம்ப் இருக்கணும். இண்டிகோ பெயிண்ட்டுக்கு ஏடிசி_பார்க்கிங்_கோட்ஸ் ஐஜிஓ, அதே ஐஜிஓ உள்நாட்டு கேட்லயும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணுல மட்டும் இருந்தா பிரயோஜனமில்ல.

அந்தக் கோப்பைத் திறக்கும்போது எஃப்எல்டிசிம் எண்ணையும் (ஒவ்வொரு பெயிண்ட்டுக்கும் ஒரு வரிசை எண்) பாருங்க. 0, 1, 2, 4-னு நடுவுல 3-ங்கிற எண் விட்டுப்போயிருந்தா நாலுல இருந்து கீழ உள்ள பெயிண்ட் ஒண்ணும் ஏறாது, அந்த விமானங்க அட்டவணையில இருந்தும் வானத்துல வராது. பிழைச் செய்தியும் வராது.

பழையஎஃப்எஸ்:

டைட்டில் வரியையும் சேர்த்துப் பாருங்க தம்பி. பிஜிஎல்-ல இருக்கிற டைட்டிலும் சிஎஃப்ஜி-ல இருக்கிற டைட்டிலும் ஒரு எழுத்து மாறினாலும் அந்த விமானம் வராது. கடைசியில ஒரு ஸ்பேஸ் கூடுதலா இருந்தாலும் அதே கதைதான், அது கண்ணுக்கும் தெரியாது.