இதய சிகிச்சைக் குழுவில் மருத்துவர் அல்லாதோர்: 2021 சட்டம் தரும் அங்கீகாரம் எதுவரை?

கேள்வி (பெர்ஃபியூஷனிஸ்ட்)

அனைவருக்கும் வணக்கம். இதய அறுவை அரங்கில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கி வருகிறேன். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து செலுத்தியபின் ஏ.சி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 வினாடியைத் தாண்டிவிட்டது என்று நாங்கள் சொன்ன பிறகே எங்கள் அரங்கில் பைபாஸ் (இதயம், நுரையீரலின் வேலையை இயந்திரம் ஏற்பது) தொடங்கும்; இதயம் நின்றிருக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் ரத்த ஓட்டத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நாங்களே பொறுப்பு. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகியோரின் பெயர்கள்தாம் இருக்கின்றன. சம்பளப் பட்டியலிலோ எல்லோரும் பொதுவாக 'டெக்னீஷியன்'. துணைநிலை மற்றும் நலப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 இந்த நிலையை மாற்றுமா, அல்லது ஒரு பதிவு எண்ணோடு நின்றுவிடுமா?

பதில் 1 (எக்கோ டெக்னாலஜிஸ்ட்)

பதிவு எண் என்று அதை எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். சில மாதப் பயிற்சியோடு வந்தவரும் பட்டம் பெற்றவரும் ஒரே பெயரில் வேலை பார்ப்பதுதான் நம் துறையின் பழைய நோய். அச்சட்டம் துணைநிலைப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பையும், நலப் பணியாளர் எனப்படுவோருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பையும் வரையறுத்து, மாநிலப் பதிவேட்டுக்கும் மத்தியப் பதிவேட்டுக்கும் வழி செய்திருக்கிறது. ஆனால் சம்மரியில் யார் பெயரை எழுதுவது என்பது மருத்துவமனையின் வழக்கத்தைப் பொறுத்தது. அதைச் சட்டத்திடம் எதிர்பார்ப்பதில் பயனில்லை.

பதில் 2 (ஓய்வுபெற்ற இதய அறுவை மருத்துவர்)

பெயர் விடுபடுவது புதிதன்று. 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உடல் நீலம் பாரித்த குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளாலக் அறுவை செய்தபோது, அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். அந்த முறையை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து செய்து தேர்ந்தவர் அவர். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பின உதவியாளர். 1945இல் வெளியான கட்டுரையில் பிளாலக், குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டௌசிக் ஆகிய இருவரின் பெயர்களே இருந்தன; நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் செல்ல அந்த அறுவையில் அமைத்த ரத்தக்குழாய் இணைப்புக்கும் அவ்விருவர் பெயரே நிலைத்தது. அப்பல்கலைக்கழகம் தாமஸுக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது 1976இல். அங்கே நிறவெறியும் சேர்ந்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அறுவைக் குறிப்பை எழுதுபவர் மருத்துவர்தான் என்பதால், தம்பி, உங்கள் குறை தீர வேண்டிய முதல் இடம் எங்கள் பேனாதான் என்பேன்.

பதில் 3 (கேத் லேப், அதாவது இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறையின் செவிலியர்)

செவிலியர்களுக்கு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947 முதலே இருக்கிறது; பதிவும் இருக்கிறது. ஆயினும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு நடுவே நாடித்துடிப்பு தடுமாறுவதை முதலில் கண்டு சொல்லும் அனுபவத்தைப் பல இடங்களில் யாரும் தனித்தகுதியாக எண்ணுவதில்லை. அடுத்த மாதமே வேறு வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். பதிவேடு நுழைவாயிலைக் காக்கும். உள்ளே பதவி உயர்வும் தனிப் பணிப்பெயரும் வேண்டுமென்றால் அதை நிர்வாகத்திடம் தனியாகக் கேட்டே பெற வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதிவுக்கான சான்றிதழ்களைத் திரட்டத் தொடங்குகிறேன். பெர்ஃபியூஷன் சார்ட்டில் ஏற்கெனவே எங்கள் கையொப்பம் இருப்பதால், அப்பெயரை அறுவைக் குறிப்பிலும் ஒரு வரியாகச் சேர்க்குமாறு ஐயா சொன்னபடி எங்கள் துறைத்தலைவருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கிறேன்.