பெனிசிலின் ஊசி போட்டதும் குதிரை பின்பக்கமாகவே ஓடியது, யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அந்தியூர்க்காரன்:
மார்வாரி பெண் குதிரை. முன்னங்கால் குளம்பில் ஆணி ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. ஸ்ட்ரெப்டோ பெனிசிலின், காலையும் மாலையும் கழுத்தில். சில நாள் ஒன்றும் இல்லை, சமர்த்தாக நின்று வாங்கிக்கொண்டது. போன வாரம் ஒரு சாயங்காலம், ஊசி இன்னும் கழுத்தை விட்டு வெளியே வரவில்லை, அதற்குள் காது இரண்டும் விறைத்தன. கண் பிதுங்கி வெள்ளை தெரிந்தது. பலமாக ஒரு மூக்குச் சத்தம். அப்புறம் பின்பக்கமாகவே ஓட ஆரம்பித்தது. குதிரை மிரண்டு முன்னால் பாய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பின்னால் அந்த வேகத்தில் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தலைக்கயிற்றைப் பிடித்திருந்த அண்ணனையும் இழுத்துக்கொண்டு, மூங்கில் தடுப்பை உடைத்து, தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்தது. விழுந்த பிறகும் நாலு காலும் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தன.

கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்தது. உடம்பு முழுக்க வியர்வை. இரண்டு உதறு உதறிவிட்டுப் புல் தின்ன ஆரம்பித்துவிட்டது! அண்ணனுக்குத்தான் தோள்பட்டை இறங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து "அலர்ஜி, இனி ஆயுசுக்கும் இதற்குப் பெனிசிலின் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, இளைப்பு இல்லை. அலர்ஜி என்றால் இப்படியா வரும்? அதே மருந்தை முந்தின நாளெல்லாம் வாங்கிக்கொண்ட குதிரைதானே?

ஏரிக்கரை சவாரி:
உங்களுடையது எழுந்தாவது நின்றது. ஊட்டியில் நாங்கள் வாடகைக் குதிரைகள் கட்டும் இடத்தில், பக்கத்துக் கொட்டகைக்காரரின் பழுப்புக் குதிரைக்கு இதே மருந்துதான் போட்டார்கள். முதலில் வெறும் காற்றைப் பார்த்துக் கடிக்க வந்தது. அங்கே யாரும் இல்லை. அப்புறம் வட்டமடித்தது, செங்குத்தாக எழும்பியது, பின்மண்டை சுவரில் பட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மருந்து கொன்றதா சுவர் கொன்றதா என்று கேட்டால் நான் சுவர் என்றுதான் சொல்வேன். ஊசி போட்டவர் அவசரக்காரர். குத்தினார், அமுக்கினார், உருவினார், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
அந்தியூர்த் தம்பிக்கு: உங்கள் டாக்டர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நீங்கள் சொல்வது அலர்ஜி மாதிரித் தெரியவில்லை. நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்தபோது படப்பிடிப்புக்கு வந்த குதிரை ஒன்று இதே மாதிரி பின்னால் ஓடி விளக்குக் கம்பத்தைச் சாய்த்தது. அது பெனிசிலின் செய்த வேலை அல்ல, கூடவே இருக்கிற புரோகெய்ன் செய்த வேலை. ஒரு காலத்தில் பல் பிடுங்கும் முன் மரத்துப்போகப் போட்டார்களே நோவோகெய்ன், அதே சரக்குதான். பெனிசிலின் சதையில் மெல்லக் கரைய வேண்டும், வலியும் குறைய வேண்டும் என்று சேர்க்கிறார்கள். சதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் இரத்தத்தில் உள்ள எஸ்டெரேஸ் என்ற நொதி அதை அவ்வப்போதே உடைத்துவிடும். சின்ன இரத்தக் குழாய் ஒன்றில் நேராக ஏறிவிட்டால் நொதி சமாளிக்கும் முன்பே மூளைக்குப் போய்விடும். அதனால்தான் ஊசி கழுத்தில் இருக்கும்போதே ஆட்டம் தொடங்கியது, நொதி வேலையை முடித்ததும் குதிரை புல் தின்றது.

இனி கவனமாகக் கேளுங்கள். மேலே பிடரியின் கீழுள்ள தடித்த நார், கீழே கழுத்தெலும்பு, பின்னால் தோள்பட்டை, இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில்தான் போட வேண்டும். ஒரே பக்கம் போடாதீர்கள். புண்பட்ட சதையில் இரத்த ஓட்டம் கூடும், புது நாளங்கள் முளைக்கும், அடுத்த ஊசி அதில் ஏற வாய்ப்பு அதிகம். முந்தின நாளெல்லாம் வாங்கிக்கொண்டதே என்றீர்களே, வம்பே அங்கேதான். கழுத்தின் இரண்டு பக்கமும், நெஞ்சுச் சதையும், பின்தொடையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். 350 கிலோ குதிரைக்கு கிலோவுக்கு 22,000 யூனிட் வீதம் 77 லட்சம் யூனிட் ஆகிறது. மில்லிக்கு 3 லட்சம் யூனிட் உள்ள மருந்து என்றால் ஏறக்குறைய 26 மில்லி. அதை ஒரே இடத்தில் தள்ளுவது அநியாயம், இரண்டு மூன்று இடமாகப் பிரியுங்கள். முதலில் ஊசியை மட்டும் குத்துங்கள், இரத்தம் சொட்டுகிறதா பாருங்கள், பிறகு சிரிஞ்சை மாட்டிப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். இரத்தம் வராவிட்டால் பயமில்லாமல் போடலாம். தலைக்கயிறு பிடிப்பவர் ஊசி போடுபவரின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எதிர்ப்பக்கம் நிற்கக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. கொட்டகையில் தொட்டி, கலப்பை, சைக்கிள் எதுவும் இருக்கக் கூடாது. அப்படியே டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். ஆணி ஏறிய குளம்பு என்கிறீர்கள்.

லகான்:
"இரத்தம் வராவிட்டால் பயமில்லாமல் போடலாம்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். கோவையில் சவாரி கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் டாக்டரம்மா இழுத்துப் பார்த்தார், பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. பாதி மருந்து போகும்போது குதிரை ஓர் அடி நகர்ந்தது. அந்த ஓர் அடியில் ஊசி முனை எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? கெட்டியான பால் மாதிரி மருந்து வேறு, கொஞ்சம் இரத்தம் கலந்தாலும் சட்டென்று தெரியாது. எங்கள் குதிரை முன்னங்காலை மடித்து உட்கார்ந்து, கீழுதட்டை இழுத்து இழுத்துக் கடித்தது. பக்கத்தில் போன குதிரைக்காரரை டாக்டரம்மா சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "விடுங்கள், அதுவாக முடியும்" என்று கதவைச் சாத்திவிட்டார். அன்றைக்கு எனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்தது ஒன்றுதான் சரி.

அப்புறம் வெயில். சூட்டில் கிடந்த மருந்தில் புரோகெய்ன் அதிகமாகக் கரைந்து நிற்கும் என்று அவர்தான் சொன்னார். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிற புட்டியை மே மாதம் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனிதர்களுக்கும் இது வருமாம். ஹோய்னே என்ற சுவிஸ் மருத்துவர் 1959-இல் எழுதியிருக்கிறார். ஊசி போட்ட உடனே, இதோ சாகப்போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொள்ளும், இல்லாத சத்தம் கேட்கும், இல்லாதது தெரியும், சில நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஊட்டிக் குதிரை காற்றைக் கடித்தது என்று படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

கத்தியவாரி:
எல்லாவற்றையும் புரோகெய்ன் தலையில் கட்டிவிடாதீர்கள். எங்கள் கத்தியவாரிக் குதிரைக்கு வந்தது அசல் அலர்ஜி. ஊசி போட்டு, கையைக் கழுவி, டீ குடிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தோள் முழுக்க ரூபாய்க் காசு அளவில் தடிப்பு. உதடு வீங்கித் தொங்கியது, மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு இழுத்தது. ஓடவில்லை, ஆடவில்லை. கால் தள்ளாடி, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. டாக்டர் இன்னும் ஊரைத் தாண்டவில்லை, திரும்பி வந்து அட்ரினலின் போட்டார். அதனால்தான் பிழைத்தது. அலர்ஜிக்கும் முதல் ஊசி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. உடம்பு ஒரு தரம் மருந்தைப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் அடுத்த தரம் சீறும். ஆகவே ஆய்வாளர் ஐயா, "முன்பு வாங்கிக்கொண்டதே" என்பதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தடிப்பும் இளைப்பும் இருந்தால் அலர்ஜி, வெறியும் வலிப்பும் இருந்தால் புரோகெய்ன். இதைப் பிரித்துப் பார்க்காமல் வெறி பிடித்து ஓடுகிற குதிரைக்கு அட்ரினலினைப் போட்டால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிடும். லகான் அம்மா சொன்னதில் பாதி சரி. நடுநடுவே நிறுத்தி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் உருவிவிட்டு வேறு இடத்தில் குத்த வேண்டும்.

முட்டை ஊர்:
ஊசி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நாமக்கல் பக்கம் சொந்தக்காரர் பண்ணையில் பிள்ளைகளுக்காக ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தார்கள். இராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கோழித் தீவனக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. காலையில் வியர்த்து நடுங்கிக்கொண்டு நின்றது, நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு தாறுமாறு. மறுநாள் போய்விட்டது. தீவனத்தில் மொனென்சின். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்கக் கலக்கிறார்கள், அதுவும் ஒரு ஆன்டிபயாடிக்தான். கோழியைக் கொல்ல கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் வரை வேண்டும், குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே போதும். இது தெரிந்திருந்தால் கொட்டகைக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். லின்கோமைசினும் அப்படித்தான். கோழிக்கும் பன்றிக்கும் கொடுப்பது, குதிரை வயிற்றுக்குள் போனால் குடல் வெந்து கழிந்தே செத்துவிடும்.

ஏரிக்கரை சவாரி:
கேட்டது ஊசியைப் பற்றி. கோழித் தீவனம் எங்கே வந்தது?

பந்தயத்திடல்:
பெங்களூரில் குதிரை லாயத்தில் வேலை. ஊசி என்றே வைத்துக்கொள்வோம். டெட்டோமிடின் போட்டு மயக்கத்தில் நிற்கிற குதிரைக்கு, ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா என்ற ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றவே கூடாது. நெஞ்சுத் துடிப்பு குழம்பி நின்ற இடத்திலேயே விழும். நான் பார்த்தது வேறு ஓர் ஊரில், வயிற்றுக் காயம் தைக்க நின்ற குதிரை. தலை தாழ்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தது. மருந்து முடியும் முன் முன்னங்கால் முட்டி மடங்கியது, எழவே இல்லை. பின்னால் ஓடவும் இல்லை, ஒரு கனைப்பும் இல்லை.

இன்னொன்று. புரோகெய்ன் பந்தயத்தில் தடை செய்த மருந்து. பெனிசிலின் நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் சிறுநீரில் தெரியும். அதனால் எங்கள் பக்கம் பந்தயக் குதிரைக்கு இந்தப் பால் மருந்தை எடுக்கும் முன் இரண்டு தரம் யோசிப்பார்கள்.

அந்தியூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இடப்பக்கம் சுவர் என்பதால் எங்கள் ஆள் எப்போதும் வலப்பக்கக் கழுத்திலேயே போட்டு வந்தார், அந்த இடம் லேசாகத் தடித்தும் இருந்தது. இதையெல்லாம் டாக்டரிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, புரோகெய்ன் இல்லாத கிரிஸ்டலின் பெனிசிலின் போட்டுப் பார்க்கலாம், முதல் ஊசிக்கு அட்ரினலினோடு தானே வந்து நிற்கிறேன் என்றார். ஆனால் அது நரம்பு ஊசி, 6 மணி நேரத்துக்கு ஒரு தரம். இராத்திரி 2 மணிக்கு யார் வருவார்கள்? அண்ணனின் கைக்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. கழுத்து நரம்பில் ஒரு குழாய் மாட்டி வைத்துவிட்டால் நாமே ஏற்றலாம் என்கிறார். வீட்டில் வைத்து இப்படிச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? செலவு எவ்வளவு ஆனது?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
குழாய் மாட்டுவதென்றால் முதலில் கழுத்தில் முடியைச் சுத்தமாக மழிக்க வேண்டும். குழாயின் வாய் திறந்தால் காற்று உள்ளே போகும், அது தனி ஆபத்து. ஒவ்வொரு தரமும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். நரம்பு கயிறு மாதிரித் தடித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். மருந்தை வேகமாகத் தள்ளவும் கூடாது, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

லகான்:
சார், அவர் கேட்டது செலவு. எங்களுக்கு மருந்தை விடக் குழாயும் டாக்டர் வந்துபோனதும்தான் அதிகம் பிடித்தது. கணக்கு நோட்டு லாயத்தில் இருக்கிறது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.