நாகார்ஜுனரின் சூனியத்தை ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொண்டு விளக்கலாமா?

கற்றாழை:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரின் மூலமத்தியமக காரிகை என்ற செய்யுள் நூலைப் பற்றிப் பேசும் பொறுப்பு சென்ற வாரம் எனக்கு வந்தது. எப்பொருளும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது, ஆகவே தன்னளவில் நிற்கும் இயல்பு எதற்கும் இல்லை, இதையே அவர் சூனியம் என்கிறார் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என அஞ்சி, 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவிலிருந்து தொடங்கினேன். மாலைவரை அரிசி வாங்கிக் கொடுத்த ஐந்நூறு ரூபாய்த் தாள் நள்ளிரவுக்குப் பின் செல்லாததாயிற்று. அதன் மையும் மாறவில்லை, காந்தியின் முகமும் மாறவில்லை. மதிப்பு தாளுக்குள் இருந்ததே இல்லை, அரசு, வங்கி, கடைக்காரர், நாம் எனப் பல சார்புகளில்தான் இருந்தது என்றேன். எல்லோருக்கும் புரிந்தது. ஒரு பெரியவர் மட்டும், "இது தத்துவம் அன்று, பொருளாதாரம்" என்று சொல்லிவிட்டார். உங்கள் கருத்து என்ன?

ஏட்டுச்சுவடி:
பெரியவர் சொன்னதே சரி. மதிப்பு மட்டும் உலக வழக்கால் வந்தது, தாளோ உண்மையாகவே இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் உங்கள் கூட்டத்தார் வீடு திரும்பியிருப்பார்கள். மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் கூறிய, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரே என்ற உவமைக்கும் இந்த ஆபத்து உண்டு: அச்சும் சக்கரமும் மெய், தேர் வெறும் பெயர் என்று படித்துவிடலாம். சர்வாஸ்திவாதம் போன்ற பௌத்த அபிதர்ம மரபுகள், தனித்தன்மையுள்ள தர்மங்கள், அதாவது அடிப்படைக் கூறுகள், சில உண்டு என்று ஓரிடத்தில் நின்றுகொண்டன. நிற்பதற்கு அந்த இடமும் இல்லை என்றவர் நாகார்ஜுனர். தவறாகப் பிடித்த பாம்பைப் போல, தவறாகக் கண்ட சூனியம் அறிவு குன்றியவனை அழிக்கும் என்று 24ஆம் அத்தியாயத்தின் 11ஆம் காரிகையில் (செய்யுளில்) அவரே எச்சரிக்கிறார்.

கற்றாழை:
அதற்கு முந்தைய காரிகையையும் சேர்த்துப் படியுங்கள், ஐயா. உலக வழக்கைச் சாராமல் மேலான உண்மையை உணர்த்த இயலாது என்கிறது 10ஆம் காரிகை. தாளோடு நான் நின்றதுதான் குறை, ஒப்புக்கொள்கிறேன். நம் ரூபாய்த் தாள் பருத்தி இழையால் ஆனது; பருத்தி மண்ணையும் மழையையும் சார்ந்தது. அந்த வழியே இன்னும் நடந்திருக்கலாம்.

ஏட்டுச்சுவடி:
வழக்கு என்று அவர் சொல்வது எளிய பேச்சை அன்று. அவருடைய தருக்கமும் உட்பட மொழிவழி நடக்கும் அனைத்தையும் அது குறிக்கும். மேலும், சூனியம் என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு எலுமிச்சம்பழமும் செய்வினையும் நினைவுக்கு வரும். வெறுமை என்று மாற்றினாலோ மனச்சோர்வு என்று கொள்வார்கள். அன்றாடச் சொல்லே இப்படிக் காலை வாரும்போது, அன்றாட உவமையை எப்படி நம்புவது?

வழிப்போக்கன்:
இருவரும் எதிர்ப்பக்கச் சொல்லை மறந்துவிட்டீர்கள். நாகார்ஜுனர் மறுப்பது சுவபாவத்தை, அதாவது தன்னளவில் நிற்கும் இயல்பை. அது சுபாவமாக நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகிறது. "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று ஒருவரைப் பற்றிப் பேச்சை முடித்துவிடுகிறோமே, அந்த முடிவைத்தான் அவர் எல்லாப் பொருள்களின் விஷயத்திலும் தடுக்கிறார். 15ஆம் அத்தியாயத்தில் அவர் தரும் அளவுகோல் கடுமையானது: சுபாவம் என்றால் அது ஆக்கப்படாததாக, வேறொன்றைச் சாராததாக இருக்க வேண்டும். உரைகாரர் சந்திரகீர்த்தி இதற்கு வெந்நீரை எடுத்துக்கொள்கிறார். வெந்நீரின் சூடு இரவல் என்று யாரும் ஒப்புவர். நெருப்பின் சூடும் விறகையும் தீக்கடைதலையும் சார்ந்து வருவதால் இரவல்தான் என்கிறார்.

ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது என்ற இக்கருத்து தமிழுக்கும் புதிதன்று. மணிமேகலை இப்படித் தொடரும் பன்னிரு சார்புகளைப் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று அடுக்குகிறது. பவம் தவிர எல்லாம் தமிழாகவே ஒலிக்கின்றன.

ஏட்டுச்சுவடி:
அந்தப் பட்டியல் என் பக்கமும் பேசும். ஊறு என்பது அங்கே தொடு உணர்வு. இன்று "ஊறு விளைவித்தல்" என்றால் தீங்கு. உரையின்றி இன்றைய வாசகர் அதைத் தலைகீழாகப் படிப்பார். இருப்பினும் வெந்நீர் உவமையை ஏற்கிறேன், ஏனெனில் அதில் முதலில் இரவல் என்று ஒப்புக்கொண்டதும், பிறகு அடித்தளம் என்று நம்பியதும் ஒரே கேள்வியில் வீழ்கின்றன. ரூபாய்த் தாளில் அது நடப்பதில்லை, பருத்தி வயல்வரை போனாலும் மண் உறுதியாகக் காலடியில் இருக்கிறது.

கற்றாழை:
அடுத்த அமர்வை வெந்நீரில் தொடங்குகிறேன். ரூபாய்த் தாளைக் கைவிட மனமில்லை; அன்று வங்கி வரிசையில் நின்றவர்கள் எங்கள் வட்டத்தில் பலர், அவர்களுக்கு அது படித்த உவமை அன்று, பட்ட உவமை. இரண்டாவதாக வைத்துக்கொள்கிறேன். "அப்படியானால் நெருப்புச் சுடாதா?" என்று பெரியவர் கேட்பார், அதற்குத்தான் விடை தேட வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
சுடும் என்றே சொல்லுங்கள். மாறாத சுபாவம் உடையது எதையும் சார்ந்து பற்றவும் முடியாது, அணையவும் முடியாது. சார்ந்திருப்பதால்தான் அது பற்றுகிறது, சுடுகிறது. 24ஆம் அத்தியாயம் முழுவதும் இந்த விடைதான். அவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள்.