மறு: ‘பார்மட்’டுக்கு ஒரு சொல் – தரவுக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று

வணக்கமுங்க. கோப்புக்குள் தகவலை அடுக்கிவைக்கும் முறையான ‘பார்மட்’டுக்கு ‘கோப்பமைவு’ என்ற சொல் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘கோப்பு வடிவம்’ புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஓனர் ‘வடிவத்தை மாத்துங்க’ என்றால், பில்லின் தோற்றத்தைச் சொல்கிறாரா, எக்ஸ்எம்எல்லை ஜேசன் (இரண்டும் தகவலைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்கும் முறைகள்) ஆக்கச் சொல்கிறாரா? வடிவம் கண்ணில் படுவது. நாம் பேசுவது உள்ளடுக்கை. ஆகவே ‘கோப்பமைவு’. அதை ஒட்டித் ‘தரவமைவு’, ‘ஆவண அமைவு’. (‘ஆவணவமைவு’ என்று சேர்த்தால் வாயில் நுழையாது. இலக்கணக்காரர்கள் பொறுத்தருள்க.)

> எக்ஸ்எம்எல் இரண்டுக்கும் பயன்படுகிறது. பிறகு எப்படிப் பிரிப்பீர்கள்?

நல்ல கேள்விங்க. டேலி என்ற கணக்கு மென்பொருள் தன் வவுச்சர்களை (வரவு செலவுப் பதிவுகளை) எக்ஸ்எம்எல்லாகத் தரும். வேர்டு ஆவணமான டாக்எக்ஸ் கோப்பின் பின்னொட்டை ஜிப் (கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதி) என்று மாற்றித் திறந்தாலும் உள்ளே எக்ஸ்எம்எல்தான். முன்னது தரவு, பின்னது ஆவணம். எக்ஸ்எம்எல் வெறும் குறியீட்டு மொழி. அதை இரண்டு பெட்டியில் எதிலும் அடைக்க வேண்டாம்.

பிரித்தறிய வரிசையைப் பாருங்கள். ஜேசனில் ஒரு பொருளுக்குள் (‘ஆப்ஜெக்ட்’, பெயரும் மதிப்புமாக எழுதிய தொகுப்பு) விலை முன்னே வந்தாலும் அளவு முன்னே வந்தாலும் ஒன்றுதான். அதன் வரையறையே அப்படி. கடிதத்தில் இரண்டு பத்தியை இடம் மாற்றினால் கதையே மாறிவிடும். வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்குவதும் ஆவண வேலை. அதை ஜேசனில் எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

ஒரே பில்லுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற ஜேசன், வாங்குபவருக்குப் பிடிஎஃப். பிடிஎஃப்பிலிருந்தே தரவை எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: தைத்த பனியனைப் பிரித்து நூலாக்குகிற வேலை அது. தரவைத் தரவமைவில் வைத்து, ஆவணத்தை அதிலிருந்து உருவாக்குங்கள்.

> சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் பட்டியல்) போதும், எல்லாரும் திறக்கலாம்.

மஞ்சள் விற்கும் ஊரான ஈரோட்டுக்காரர் இதைக் கேட்கலாமா? மஞ்சளின் எச்எஸ்என் (வரிக்கான சரக்குக் குறியெண்) 0910இல் தொடங்குகிறது. சிஎஸ்வியை விரிதாளில் திறந்தால் முன்னிருக்கும் சுழியம் பெரும்பாலும் ஓடிப்போகும். எது எண், எது எழுத்து என்று சொல்ல அந்தக் கோப்பில் இடமே இல்லை. சிஎஸ்விக்காக 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் காற்புள்ளி, மேற்கோள் குறி பற்றிப் பேசுகிறதே தவிர வகை பற்றிப் பேசவில்லை. ஜேசனில் சுழியத்தில் தொடங்கும் எண்ணே செல்லாது. மேற்கோளுக்குள் எழுதியே தீர வேண்டும், அதனால் தப்பிக்கிறது. சிஎஸ்வியும் தரவமைவுதான், ஏழைத் தரவமைவு.

மிச்சம் மார்க்டவுன் (எளிய குறிகளோடு ஆவணம் எழுதும் முறை). என் கணக்கில் ஆவண அமைவு. ஆனால் தலைப்பகுதியில் தேதி, குறிச்சொல்லை யாமலில் (இன்னொரு தரவமைவு) வைத்து எழுதுகிறோமே? அங்கே தலை தரவமைவு, உடல் ஆவண அமைவு. ‘கலப்பமைவு’ என்று மூன்றாவது சொல் வேண்டாம் என்பது என் கட்சி. குழுவிலுள்ள கோயமுத்தூர் நண்பர் வேண்டுமென்பார். டாக்எக்ஸ் போல ஜிப்புக்குள் படமும் எக்ஸ்எம்எல்லும் சேர்ந்திருப்பதை என்ன சொல்வாராம், கேட்டுச் சொல்லுங்க.