புதுப்பிப்பு: மைதா இல்லாத சீன பாணி கறி சாஸ்

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள என் நாத்தனாருக்காக, பிரிட்டனின் சீன உணவகங்களில் கிடைக்கும் கறி சாஸை மைதாவும் வழக்கமான சோயா சாஸும் இல்லாமல் செய்ய வழி கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னவற்றைத் தண்டையார்பேட்டை வீட்டில் செய்து பார்த்துவிட்டேன்.

வெங்காயம், இஞ்சி, பூண்டை வதக்கி, மஞ்சள், மல்லி, சீரகத்தூளுடன் ஒரு அன்னாசிப்பூவும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பூவை எடுத்தெறிந்து அரைத்து வடிகட்டியபின், குளிர்ந்த நீரில் கரைத்த கார்ன்ஃப்ளாரை ஊற்றிக் கிளறினால், கலங்கலாக இருந்த சாறு இரண்டொரு கொதியில் பளபளத்துக் கரண்டியின் முதுகில் படிகிறது. அரிசி மாவும் கெட்டிப்படுத்தும். அந்த மினுமினுப்புதான் வராது.

வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதால், குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட தமாரி என்ற ஜப்பானிய வகை சோயா சாஸைப் பயன்படுத்தினேன். ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்க்கச் சொன்னவர்கள் கவனிக்க: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும் என்பதால், அஞ்சறைப்பெட்டிக் கரண்டியைக்கூட நான் இதில் விடவில்லை.

காசிமேட்டு இறாலை வதக்கிப் போட்டுச் சோற்றுடன் பரிமாறினேன். நாத்தனார் மறுமுறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேங்காய்ப்பால் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் சுவை குருமாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது என் கருத்து.