காற்றுச் சுரங்கத்தில் கிண்ண அனிமோமீட்டர் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டுவது ஏன்?

கேள்வி

எங்கள் ஆய்வகக் காற்றுச் சுரங்கத்தின் (விசிறியால் வேண்டிய வேகத்தில் காற்றைச் செலுத்தும் குழாயின்) சோதனைப் பகுதி நான்கு பக்கமும் மூடியது; அதன் குறுக்குவெட்டு 50 செ.மீ.க்கு 50 செ.மீ. வானிலை நிலையம் ஒன்றில் பொருத்தவுள்ள மூன்று கிண்ண அனிமோமீட்டரை (கிண்ணங்கள் சுழல்வதைக் கொண்டு காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை) அதில் நிறுத்தி, நொடிக்கு 4 மீட்டர் முதல் 16 மீட்டர் வரை ஒவ்வொரு மீட்டராக ஏற்றியும் இறக்கியும் சோதித்தோம். அனிமோமீட்டருக்குச் சற்று முன்னால் இருக்கும், காற்றழுத்தத்தை அளக்கும் பிட்டோ குழாயைக் கொண்டே உண்மையான வேகத்தைக் கணக்கிடுகிறோம். எல்லா வேகங்களிலும் அனிமோமீட்டர் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதலாகவே காட்டுகிறது. சுழற்சியைக் காற்று வேகமாக மாற்ற உற்பத்தியாளர் கொடுத்த கெழு (பெருக்கெண்) தவறு என்று முடிவுசெய்து, புதிய கெழுவை எழுதிவிடலாமா?

மறுமொழி 1

அவசரப்பட வேண்டாம். தாங்குருளை (பேரிங்) தேய்ந்திருந்தால் அளவு குறையுமே தவிர கூடாது. குறைவும் தாழ்ந்த வேகத்தில்தான் மிகுதியாகத் தெரியும். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் பிழை வருகிறதென்றால் முதலில் ஒப்பீட்டு அளவையே ஐயுற வேண்டும். பிட்டோ குழாய் வேகத்தை நேராக அளப்பதில்லை. அது தரும் இயக்க அழுத்தத்தை (காற்றின் ஓட்டத்தால் எழும் அழுத்தத்தை) இரண்டால் பெருக்கி, காற்றின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறோம். அடர்த்தியாக எதை இட்டீர்கள்? கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம் என்பது கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸுக்கு உரிய எண். அதே அழுத்தத்தில் 30 பாகையில் உலர்ந்த காற்றின் அடர்த்தி 1.165 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஈரப்பதம் அதை மேலும் சற்றுக் குறைக்கும். பழைய எண்ணையே வைத்துக் கணக்கிட்டால் உண்மை வேகம் 2.5 சதவீதம் குறைவாக வரும், பழி அனிமோமீட்டர் மேல் விழும்.

மறுமொழி 2

அடர்த்தி பற்றிச் சொன்னது சரி, ஆனால் மீதியை அது விளக்காது. மூடிய சோதனைப் பகுதியில் ஒரு பொருளை நிறுத்தினால், காற்று அதைச் சுற்றியுள்ள குறுகிய இடைவெளி வழியே விரைந்து போக வேண்டியிருக்கிறது. முன்னால் இருக்கும் பிட்டோ குழாய்க்கு அந்த விரைவு தெரியாது, கிண்ணங்களுக்குத் தெரியும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) காற்றாலைகளுக்காக வெளியிட்ட 61400-12-1 தரநிலையின் 2017 பதிப்பு, அனிமோமீட்டரும் அதன் கம்பமும் சேர்ந்து மறைக்கும் பரப்பு மூடிய பகுதியில் 5 சதவீதத்தையும், திறந்த பகுதியில் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்றது. உங்கள் சுரங்கத்தில் 5 சதவீதம் என்பது 125 சதுர செ.மீ. மட்டுமே. என் கணிப்பில் கம்பமே அதில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 1.225 என்ற எண்ணை மென்பொருளில் நிலையாக எழுதிவைத்திருந்தோம். சோதனையின்போது சுரங்கத்துக்குள் 30 பாகை இருந்தது. மறைப்புப் பரப்பை அளந்தபோது 240 சதுர செ.மீ. வந்தது, அதாவது 9.6 சதவீதம். அடர்த்தியைத் திருத்தி, கம்பத்தையும் மெல்லியதாக மாற்றியபின் வேறுபாடு 1.5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இனி, கிண்ணம் சுழலத் தொடங்கும் வேகத்தைக் கண்டறிய இதே பிட்டோ குழாயைக் கொண்டு நொடிக்கு 1 மீட்டர் வரை இறங்கலாமா?

மறுமொழி 1

இறங்கலாம், ஆனால் அந்தக் குழாயை நம்பி அல்ல. நொடிக்கு 10 மீட்டரில் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 60 பாஸ்கல். 1 மீட்டரில் அது 0.6 பாஸ்கல்தான். அழுத்தமானியின் பூஜ்யக் குறி 0.1 பாஸ்கல் நகர்ந்தாலே அங்கே வேகத்தில் 8 சதவீத அளவுக்குப் பிழை வந்துவிடும். மேல் வேகங்களில் அதே நகர்வு கண்ணுக்கே தெரியாது. தாழ்ந்த வேகங்களுக்கு வெப்பக்கம்பி அளவியோ லேசர் டாப்ளர் அளவியோ வேண்டும். மற்றொன்று: உங்களுடையது காற்று சுற்றிச் சுற்றி வரும் மூடிய சுற்றுச் சுரங்கமாக இருந்தால், விசிறி செலவிடும் ஆற்றல் காற்றையே சூடாக்கும் என்பதால், வெப்பநிலையைத் தொடக்கத்தில் ஒருமுறை குறித்துவைப்பது போதாது, ஒவ்வொரு வேகப் படியிலும் குறியுங்கள்.